இடப்பக்க விளக்கு

தன் கடைவாய்ப் பல்லைத் தானே குறடு போட்டுப் பிடுங்கி, காகிதத்தில் மடித்து எடுத்து வந்து, "வேரோட வந்திருச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் நீட்டினார் ஒரு மனிதர். பெருமாள்மலையில் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரக் கல்சுவர் ஒன்றுதான்.

"ஏண்ணே, பக்கத்துலயே ஆஸ்பத்திரிய வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமா? மரத்துப்போக ஊசி போட்டுட்டு வலியில்லாம எடுத்திருப்போம்ல?"

"என் வாயி, என் பல்லு. நம்ம கை எட்டுற எடத்துல அடுத்தவங்க கை எதுக்குங்க?"

கன்னம் வீங்கி, வாயோரம் ரத்தம் கசிய நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேர் முழுசாக வந்திருந்தது. சொன்னதும் பரீட்சையில் பாஸானவர் மாதிரி சிரித்தார்.

அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவரிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேனோ. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வார். பின்கழுத்தில் எப்போதும் படிக்கட்டு கட்டியிருக்கும். செருப்புத் தைப்பது, கூரைத் தகரம் மாற்றுவது, மனைவியின் தையல் மிஷினைக் கழற்றி மாட்டுவது எல்லாம் அவரே. மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டபோது வத்தலக்குண்டு சந்தையில், சாக்கு விரித்துக் கண்ணாடி விற்பவன் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, பஞ்சாங்கத்தின் பொடி எழுத்து எதில் தெரிந்ததோ அதை வாங்கி வந்தார்.

"டாக்டரு மட்டும் என்ன பண்ணப் போறாரு? அவரும் இத மாட்டு, அத மாட்டுன்னுதான சொல்லுவாரு?"

அவர் பேச்சில் பாதி சரியாகத்தான் இருக்கும். அவரோடு மல்லுக்கு நிற்பதில் இருந்த கஷ்டமே அதுதான்.

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எதையும் அடுத்தவர் கையில் கொடுக்காதவர், பேரை மட்டும் கொடுக்கச் சம்மதித்திருப்பாரா என்ன? ஊரில் எல்லாருக்கும் அவர் டிரைவரண்ணன். பழனி அடிவாரத்தில் விபூதியும் பஞ்சாமிர்தமும் விற்கிற குடும்பம். கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கப் பிடிக்காமல் மலையேறி வந்தவர். எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கிய கறுப்புக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. பெருமாள்மலைக்கும் செண்பகனூருக்கும் வத்தலக்குண்டுக்கும் அதுதான் வாடகைக் கார். நோயாளியைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் எங்களுக்கும் அதை விட்டால் வேறு கதி கிடையாது.

பழனியிலிருக்கும் அவருடைய அண்ணன் கடையிலிருந்து தகர டப்பாவில் விபூதி வரும். பாதி அவர் நெற்றிக்கு, பாதி காரின் விளக்குக் கண்ணாடிக்கு. வீட்டில் வெள்ளிச் சாமான் துலக்குவதுபோல, ஈரத் துணியில் விபூதியைத் தொட்டு, வெள்ளனே எழுந்து அந்த இரண்டு ஹெட்லைட்டையும் துலக்குவார். மலைப்பாதையை அறியாதவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். எங்கள் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்கே மேகம் ரோட்டில் இறங்கிவிடும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. பட்டப்பகலில் விளக்குப் போட்டு, அந்த வெளிச்சத்தில் தெரிகிற பத்தடியை நம்பித்தான் வண்டி நகரும். வண்டிக்குள் நாலு பேர் உயிர். வெளிச்சம் குறைந்தால் அவருக்குப் பொறுக்காது, அது நியாயம்தானே.

முதல்முறை அவர் பல்பு மாற்றியதை நான் சுவரோரம் நின்று பார்த்தேன். கார் நிற்கிற தகரக் கொட்டகையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தார். சீயக்காய் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். விளக்கைச் சுற்றியிருந்த நிக்கல் பட்டையின் திருகைத் திருப்புளியால் கழற்றிச் சிரட்டையில் போட்டார். பிறகு பட்டை. பிறகு கண்ணாடியும், அதன் பின்னால் வெள்ளி பூசிய கிண்ணமும் சேர்ந்தாற்போல் வெளியே வந்தன. கிண்ணத்தின் முதுகில் இருந்த மூடியை அமுக்கித் திருப்பியதும் பழைய பல்பு அவர் உள்ளங்கையில் விழுந்தது. புதுப் பல்பை மனைவியின் பழைய நூல்சேலைத் துணியில் சுற்றிப் பிடித்து உள்ளே வைத்தார். ஆபரேஷன் தியேட்டரில்கூட இத்தனை சுத்தத்தை நான் பார்த்ததில்லை.

நான் கையையும் வாயையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை. சுவரைத் தாண்டிப் போய், "இதென்னண்ணே இப்படிப் பளபளன்னு இருக்கு!" என்று அந்தக் கிண்ணத்துக்குள் விரலை வைத்துவிட்டேன். வைத்த இடத்தில் என் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அந்தப் பூச்சைத் துடைக்கவும் கூடாதாம், துடைத்தால் பூச்சே போய்விடுமாம். அவர் திட்டவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் மதினி, அதாவது அவர் மனைவி, சுவர்மேல் ஒரு கிண்ணம் ரசத்தை வைத்துவிட்டு, "போன வருசம் நான் தொட்டதுக்கு எட்டு நாளு" என்று சொல்லிச் சிரித்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்த காலத்தில்தான் அது ஆரம்பித்தது. நான் வந்து இரண்டு வருஷம் இருக்கும். அவர் அடிக்கடி பல்பு மாற்றத் தொடங்கினார். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒன்று மாற்றினால் அதிகம். இப்போது மாசத்துக்கு ஒன்று. மதுரையிலிருந்து பஸ் கண்டக்டர் பஞ்சில் சுற்றி வாங்கி வருவார். மாற்றிய மூன்றாம் நாளே, "வெளிச்சம் பத்தலங்க, மங்கலா கெடக்கு" என்று மறுபடி வேட்டியை விரிப்பார். பாட்டரியைப் பார்த்தார், ஒயரை மாற்றினார். எல்லாமே இடப்பக்க விளக்குக்குத்தான். வலப்பக்கத்து விளக்கைத் தொட்டதாகவே எனக்கு ஞாபகமில்லை. அதில் ஏதோ இருக்கிறது என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். அடுத்தவரை அவர் கூப்பிடுவது அதிசயம் என்று நான் ஓடினேன். கொட்டகைப் பலகைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருட்டில் விளக்கை எரியவிட்டிருந்தார். விளக்குக்கு எதிரே சுவரோரம் என்னைத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க நர்ஸம்மா. இந்தப் பல்பு கோட்டை கட்டுதா இல்லையா?"

நிலாவைச் சுற்றி வட்டம் போட்டால் கோட்டை கட்டியிருக்கிறது என்போம் இல்லையா, அதைத்தான் கேட்டார். பார்த்தேன். பலகை இடுக்கு வழியாக மேகம் உள்ளே புகுந்து கொட்டகை முழுக்கப் புகைபோல நின்றது. விளக்கைச் சுற்றி லேசாக வட்டம் தெரிந்தது.

"ஆமாண்ணே, தெரியுது. இந்த மலையில எந்த விளக்குதான் கோட்டை கட்டல?"

"இல்லங்க, இது கலர் கலரா கட்டுது. செவப்பு, பச்சை, எல்லாம் இருக்கு. கண்ணாடிக் கோளாறுதான். உங்களுக்கும் தெரியுதுல்ல? அப்பச் சரி."

எனக்குக் கலர் எதுவும் தெரியவில்லை. வெள்ளையாக, புகைமாதிரி ஒரு வட்டம்தான். அதைச் சொல்லியிருக்கலாம். வார்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அந்த நாட்களில் அவருக்குத் தலைவலி வேறு. இடப்பக்க நெற்றிப் பொட்டில் தொடங்கிக் கண்ணைப் பிடுங்குகிறமாதிரி வலிக்கும், சில நாள் வாந்தியும் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும் என்று அவரே முடிவு செய்து, சுக்கை அரைத்துப் பற்றுப் போட்டுத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். மதினி கேட்டதற்காக நான் சுவர் வழியே தலைவலி மாத்திரை கொடுத்தேன். கண்ணில் ஏதாவது செய்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தெரியாத பெண் இல்லை நான். தினம் காலையில் இருபது பேர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், அம்மைத் தடுப்பூசிப் பெட்டியோடு அவர் காரில் செண்பகனூர் போனேன். பகல் மூன்று மணி. மேகம் இறங்கியிருந்தது. அவர் கழுத்தை ஒருமாதிரி இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே ஓட்டினார். ஒரு வளைவில், எங்களுக்கு இடப்பக்கம், விறகுச் சுமையோடு ஒரு பெண் வந்தாள். எனக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள். சேலையின் மஞ்சள்கூடத் தெரிந்தது. கார் நேராக அவளை நோக்கிப் போனது.

"அண்ணே!" என்று நான் கத்திய கத்தலில் பிரேக்கை மிதித்தார். அவள் விறகைப் போட்டுவிட்டுப் பாறையோடு ஒட்டிக்கொண்டாள். உடம்பில் படவில்லை. சுமைதான் சிதறியது.

"ஏய்யா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? இம்புட்டுப் பெரிய பொம்பள வாரேன், தெரியல?"

அவர் இறங்கினார். ஒவ்வொரு விறகாகப் பொறுக்கிக் கட்டி, அவள் தலையில் தூக்கி வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "எடப்பக்கம் லைட்டு சுத்தமா இல்லங்க. பாத்தீங்கள்ல? பல்ப மாத்தணும்."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது, கோளாறு விளக்கில் இல்லை.

மறுநாள் காலை சுவரோரம் பிடித்துக்கொண்டேன். மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. "வெளையாட்டு ஒண்ணுண்ணே. வலது கண்ண உள்ளங்கையால பொத்துங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே பொத்தினார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"என்னங்க, அதுக்குள்ள மேகம் எறங்கிருச்சு?"

கையை எடுத்தார். வெயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பொத்தினார், மறுபடி எடுத்தார். பிறகு, "தூசி விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டச் சொல்லி நான் கெஞ்சினேன், மிரட்டினேன், காலில் விழாத குறை. அவரோ நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டுக்கொண்டார். அது சரிப்படவில்லை என்று விளக்கெண்ணெய் விட்டார். "என் கண்ணுங்க, எனக்குத் தெரியாதா?" என்றார். காரையும் நிறுத்தவில்லை. ஊரில் சொல்லி யாரையும் ஏறவிடாமல் செய்துவிடுவேன் என்றேன். "சொல்லுங்க" என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், வாயைத் திறக்க முடியாமல் திரும்பி வந்தேன். அவர் பிழைப்பை நான் எப்படிக் கெடுப்பது? ஏறிப் போகிறவர்களை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒவ்வொரு நாளும் அந்தக் கார் திரும்பிவரும் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு மருந்துக் கணக்கு ஓடாது.

"அவரு கண்ண அவருகிட்டருந்து யாரு வாங்குறது?" என்றார் மதினி. ஆனால் கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அவர்தான். இருபது நாள் போயிருக்கும். ஒருநாள் விடிகாலையில் கார்ச்சாவியை முந்தியில் முடிந்துகொண்டு, மதுரை பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். யார் கூப்பிட்டும் எழவில்லை. அவருக்குப் பின்னாலேயே வந்து பஸ்ஸில் ஏறுவதைத் தவிர டிரைவரண்ணனுக்கு வேறு வழி இருக்கவில்லை. நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினேன். கீழே இறங்குகிற வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

கண் டாக்டர் வயசானவர், நிதானமானவர். இருட்டறையில் வெகுநேரம் பார்த்தார். இரண்டு விரலால் இமைமேல் மெல்ல அமுக்கிப் பார்த்தார். அடுத்தவர் கை தன் கண்மேல் பட்டதும் டிரைவரண்ணன் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தலைவலி வருமா?"

"வருங்க."

"விளக்கைப் பார்த்தா, சுத்திலும் கலர் கலரா வட்டம் தெரியுமா?"

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் சாகிறவரை மறக்க முடியாது. கடைசியில் தன் பேச்சு புரிந்த ஓர் ஆளைப் பார்த்துவிட்டார்.

"தெரியுங்க சார்! கோட்டை கட்டும். பல்பு சரியில்லைங்க. ஒரு வருசமா மாத்திக்கிட்டே கெடக்கேன். நான் மட்டும் சொல்லல சார், இந்த நர்ஸம்மாவும் பாத்தாங்க. கேளுங்க."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்று விளக்கினார். இடது கண் அநேகமாகப் போய்விட்டது. போன பார்வை திரும்பாது. வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்து, வேளை தவறாமல் சொட்டு மருந்தும் விட்டால் இருப்பதைக் காப்பாற்றிப் பார்க்கலாம். "வட்டம் தெரிய ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருக்கணும்" என்றார். பிறகு, கார் ஓட்டக் கூடாது என்றார்.

"மேகம் இல்லாத நாள்லயும் கூடாதுங்களா?"

"எந்த நாள்லயும் கூடாது."

சாயங்காலப் பஸ்ஸில் திரும்பினோம். அன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அடிவாரத்திலிருந்து பெருமாள்மலை வரைக்கும் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

ஆபரேஷனுக்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கத்தி பிடிக்கிற கை தன்னுடையதாக இருந்தால் செய்துகொண்டிருப்பாரோ என்னவோ. சொட்டு மருந்து மட்டும் வாங்கிக்கொண்டார். அதையும் அவரேதான் விட்டுக்கொண்டார். காலையில் சுவரோரம் நாற்காலி போட்டு, தலையை அண்ணாந்து, பாட்டிலைக் கவிழ்ப்பார். மூன்று சொட்டில் இரண்டு கன்னத்தில் வழியும். நான் ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஊர்பேர் தெரியாதவன் கண்ணிலெல்லாம் இமையை விலக்கி மருந்து விடுகிற என் கை, மூன்றடி தூரத்தில் சும்மா கிடந்தது.

"நான் மருந்து விடுறேண்ணே. ஒரே நிமிசம்."

"என் கை எட்டுற எடந்தானம்மா."

இரண்டு வருஷத்தில் வலது கண்ணும் போனது. கடைசிக் கொஞ்ச நாள், கிணற்றுக்குள்ளிருந்து மேலே பார்க்கிறமாதிரி நடுவில் மட்டும் சின்னதாகத் தெரிகிறது என்றார். அப்புறம் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

காரைப் பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு வியாபாரி ஒருவர் வாங்கினார். எடுத்துப்போக வந்த அன்று புதுப் பாட்டரி மாட்டி விளக்கைப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் எரியவில்லை. கொட்டகையில் ஈரத்தில் கிடந்த வண்டி. பல்பு இந்த முறை உண்மையாகவே ஃபியூஸ். வியாபாரி, "கொடைக்கானல்ல மாத்திக்கிறேன், விடுங்கண்ணே" என்றார்.

"கொஞ்சம் இருங்க. வெரசா முடிஞ்சிரும்."

வேட்டியை விரித்தார். கையைக் கழுவினார். திருகு, பட்டை, கண்ணாடி, கிண்ணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எதையும் தடவித் தேடவில்லை. மாற்றி எடுத்துவைத்த நல்ல பல்புகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதில் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து உள்ளே வைத்தார். அந்த வெள்ளிப் பூச்சில் அவர் விரல் ஒரு தரம்கூடப் படவில்லை. எல்லாவற்றையும் மாட்டி முடித்து, விளக்குக்கு நேர் எதிரே ஒரு சாண் தூரத்தில் குந்தியபடியே, "போடுங்க" என்றார்.

வியாபாரி சுவிட்சைப் போட்டார்.

"எரியுதா?"

அந்த வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில் அடித்தது. எனக்குக் கூசியது. அவருக்கு இமைகூட அசையவில்லை.

"எரியுதுண்ணே" என்றேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. வியாபாரி இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், மூன்று வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன். "அன்னைக்கு நீங்க கோட்டை தெரியுதான்னு கேட்டப்ப நான் தெரியுதுன்னு சொல்லியிருக்கக் கூடாதுண்ணே. எனக்கு மேகந்தான் தெரிஞ்சது. நான் நர்ஸு. நீங்க கலருன்னு சொன்ன ஒடனே புரிஞ்சிருக்கணும். அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா..."

அவர் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிற சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? உங்ககிட்ட நான் கண்ணையா காட்டினேன்? பல்பத்தான காட்டினேன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, இன்றைக்கும் இல்லை. அன்று கொட்டகையில் அவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இடது கண் சிவந்து நீர் கோத்திருந்திருக்கும். விளக்கு வெளிச்சம் அத்தனையும் அவர் முகத்தில்தான் விழுந்திருக்கும். தலையை ஒரு தரம் திருப்பியிருந்தால் போதும். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.